ஸ்பானிஷுக்கு கறுப்புல எதை எடுக்கறது: சென்னை 2013 நாலாவது கேமை வெச்சு யோசிச்சது

போன மாசம் ஒரு ரேட்டட் செஸ் டோர்னமென்ட்ல கடைசி ரவுண்டு முடிஞ்சு ஸ்கோர் ஷீட்டை மடிச்சு வெச்சுட்டு இருந்தப்போ, பக்கத்து போர்டுல ஆடின தம்பி வந்து கேட்டான், அண்ணா ரூய் லோபஸ்ங்கற ஓப்பனிங்குக்கு எதிரா கறுப்புல என்ன எடுக்கலாம், ஈஸியா டிரா ஆகுதுன்னு எல்லாரும் பெர்லின் சொல்றாங்களே, அதையே எடுத்துக்கட்டுமான்னு. நின்னுட்டே ரெண்டு நிமிஷத்துல சொல்ற பதில் இல்ல இது. நானே நாலு வருஷம் இதுல மாறி மாறி அலைஞ்சிருக்கேன். அவனுக்கு சொன்னதையும், அப்ப சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்க எழுதறேன்.

முதல்ல எதைப் பத்தி பேசறோம்னு சொல்லிடறேன். ரெண்டு பக்கமும் ராஜா முன்னாடி இருக்கற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளியாச்சு, வெள்ளைக் குதிரை எஃப்3ல (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை), கறுப்புக் குதிரை சி6ல, மூணாவது நகர்த்தல்ல வெள்ளை பிஷப் பி5க்கு வந்து அந்த குதிரையைப் பார்த்து உட்காருது. இதுதான் ரூய் லோபஸ், நம்ம ஆளுங்க பாதிப் பேர் ஸ்பானிஷ்னே சொல்லுவாங்க. கறுப்புக்கு வழி நிறைய இருக்கு, ஆனா ஒழுங்கா உட்கார்ந்து தேர்ந்தெடுக்கணும்னா என் கணக்குல நாலுதான்: பெர்லின் (மூணாவதுல கறுப்பு இன்னொரு குதிரையை எஃப்6ல வெச்சு இ4 சிப்பாயைத் தாக்கறது), ஓப்பன், மார்ஷல், க்ளோஸ்டு. மத்ததெல்லாம் ஆடக்கூடாதுன்னு இல்ல, ஆனா பல வருஷம் கூட வெச்சுக்கற மாதிரி கனம் இந்த நாலுலதான் இருக்கு.

பெர்லின்னா டிரான்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கே, அது 2000ல லண்டன்ல நடந்த கஸ்பரோவ், கிராம்னிக் உலக சாம்பியன்ஷிப் மேட்ச்லேர்ந்து வந்தது. கிராம்னிக் 1, 3, 9, 13ன்னு நாலு கேம்ல பெர்லின் ஆடினாரு, நாலும் டிரா, கஸ்பரோவால அந்த மேட்ச் முழுக்க ஒரு கேம் கூட ஜெயிக்க முடியல, எட்டரைக்கு ஆறரைன்னு பட்டம் கை மாறிடுச்சு. பெர்லின் சுவர்னு பேர் பரவினது அப்பதான். அதுலேர்ந்து பெர்லின்னாலே கறுப்பு கதவைச் சாத்திட்டு தூங்கலாம்னு ஒரு நினைப்பு நம்ம மாதிரி ஆளுங்ககிட்டயும் ஒட்டிக்கிச்சு.

அந்த நினைப்பை எனக்கு உடைச்சது ஒரு டிரா கேம்தான். 2013 நவம்பர் 13, புதன்கிழமை, சென்னை ஹயாட் ரீஜென்சி, ஆனந்த் கார்ல்சன் உலக சாம்பியன்ஷிப் மேட்ச்ல நாலாவது கேம். முதல் மூணும் டிரா, ஸ்கோர் ஒன்றரைக்கு ஒன்றரை. ஆனந்த் வெள்ளை, கார்ல்சன் பெர்லின் எடுத்தாரு. நான் அன்னிக்கு வேலை முடிச்சு வந்து நெட்ல லைவா பார்த்தேன், மதியம் 3 மணிக்கு ஆரம்பிச்ச கேம் இருட்டின பிறகும் ஓடிட்டே இருந்துச்சு, எழுந்து போய் தண்ணி குடிக்கக்கூட மனசு வரல.

எட்டாவது நகர்த்தல்லயே ராணிங்க ரெண்டும் போயிடுச்சு. கறுப்பு ராஜா டி8ல நிக்குது, இனிமே கேஸ்லிங் (ராஜாவை யானை பக்கம் நகர்த்தி ஒளிச்சு வெக்கறது) கிடையாது. கறுப்புக்கு சி வரிசையில ஒன்னு மேல ஒன்னா ரெண்டு சிப்பாய், அதனால ராணி பக்கம் நாலு சிப்பாய் இருந்தும் அதுலேர்ந்து தாண்டிப்போற சிப்பாய் ஒன்னைக் கிளப்பறது கஷ்டம். வெள்ளைக்கு ராஜா பக்கம் நாலுக்கு மூணுன்னு ஒரு சிப்பாய் கூட, அது நிஜமாவே ஓடக்கூடியது. எல்லா காயையும் மாத்தி ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிச்சம்னு ஆச்சுன்னா வெள்ளை ஜெயிக்கும். இதுக்கெல்லாம் பதிலா கறுப்புகிட்ட இருக்கறது பிஷப் ஜோடி, உடைக்கறதுக்கு பிடிமானம் இல்லாத ஒரு கோட்டை, அவ்வளவுதான். இதுவா டிரா ஓப்பனிங்? ரெண்டு பக்கமும் வேற வேற சொத்து, வேற வேற நோய்.

14, 15ன்னு போயிட்டு இருக்கு, கார்ல்சன் பிஷப் இ6ல வந்து நிக்குது, ஆனந்தோட குதிரை சி3ல இருந்து ஏ2 சிப்பாயைக் காத்துட்டு இருக்கு. 18வது நகர்த்தல்ல ஆனந்த் அந்த குதிரையை இ2க்கு எடுத்தாரு. உடனே கார்ல்சன் பிஷப்பால ஏ2 சிப்பாயை எடுத்துட்டாரு. பார்த்துட்டு இருந்த எனக்கு வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆச்சு, ஏன்னா அடுத்து வெள்ளை பி3 வெச்சா பிஷப்புக்கு வெளிய வர வழி கிடையாது, செஸ் கத்துக்குடுக்கற எல்லாரும் முதல் மாசமே சொல்லித்தர பொறி அது. 1972 ரெய்க்யவிக்ல ஸ்பாஸ்கியோட ஆடின உலக சாம்பியன்ஷிப் மேட்ச்ல முதல் கேம்ல ஃபிஷர் எச்2 சிப்பாயை இதே மாதிரி எடுத்து பிஷப்பை இழந்து கேமையும் தோத்தாரே, அது ஞாபகம் வந்துச்சு. ஆனந்தும் பி3 வெச்சாரு. ஆனா கார்ல்சன் சி4ன்னு சிப்பாயைத் தள்ளினாரு பாருங்க, மாட்டியிருக்கற சுவரையே உடைக்கறது. ஆனந்த் குதிரையை சி1க்கு கொண்டுவந்து பிஷப்பை தாக்க, சிப்பாய்க்கு சிப்பாய் மாத்தி, பிஷப் பி1 வழியா நழுவி ரெண்டு நகர்த்தல்ல எஃப்5 போயிடுச்சு. கறுப்பு ஒரு சிப்பாய் மேல, ஒன்னும் போகல.

அங்க மத்தவங்களா இருந்தா சோர்ந்து போயிருப்பாங்க. ஆனந்த் என்ன பண்ணாருன்னா, வெள்ளைகிட்ட பெர்லின் குடுத்த ஒரே சொத்து இருக்கே, ராஜா பக்கம் அந்த கூட ஒரு சிப்பாய், அதை ஓட்ட ஆரம்பிச்சாரு. 22ல எஃப்4, 24ல ஜி4, 26ல எஃப்5, 33ல இ6. ஜி4 சிப்பாயை செக்கோட விட்டுக்குடுத்தாரு, அதுக்கு பதிலா காய்ங்க எல்லாம் உயிரோட எழுந்து வந்துச்சு, 39ல யானை சி7ல செக்கோட இறங்குச்சு. அப்புறம் சின்ன காய்ங்க (குதிரை, பிஷப்) மாறி நாலு யானை எண்ட்கேம், அதாவது காய் குறைஞ்ச கடைசிக் கட்டம், வெள்ளையோட இ சிப்பாய் ஏழாவது வரிசையில, ராணி ஆக ஒரே கட்டம். கார்ல்சன் விடாம அழுத்தினாரு, ஆனந்த் விடாம பிடிச்சாரு. 64வது நகர்த்தல்ல டிரா, போர்டுல ஆளுக்கு ஒரு யானை, கார்ல்சன்கிட்ட மட்டும் பி6ல ஒரு தனிச் சிப்பாய்.

அதை டிரான்னு ஒரு வார்த்தையில எழுதிட்டுப் போறது எனக்கு இன்னிக்கும் மனசு ஒப்பல. ஸ்கோர் டேபிள்ல அரை, அரை. ஆனா ரெண்டு பேருக்கும் அன்னிக்கு உடம்புல எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும்.

சரி, தம்பியோட கேள்விக்கு இதுல என்ன இருக்குன்னா, பெர்லினை டிரா வேணும்னு எடுக்கறவங்க தப்பான கடையில போய் நிக்கறாங்க. எண்ணிப் பார்த்துடலாம். சென்னை மேட்ச்ல பெர்லின் நாலு தடவை வந்துச்சு, 4, 6, 7, 8. மூணு டிரா, ஆறாவது கேம்ல வெள்ளையில ஆடின ஆனந்த் 67 நகர்த்தல்ல யானை எண்ட்கேம்ல தோத்தாரு. அடுத்த வருஷம் சோச்சியில இதே ரெண்டு பேரோட பட்ட மேட்ச்ல திரும்ப நாலு தடவை, இந்த தடவை நாலுலயும் கார்ல்சன் வெள்ளை, ஆனந்த் கறுப்பு: 2ம் 11ம் கார்ல்சன் ஜெயிச்சாரு, 9வது 20 நகர்த்தல்ல டிரா, 7வது 122 நகர்த்தல் ஓடி டிரா. ஆமா நூத்தி இருபத்திரெண்டு, ஒரு காயைக் குடுத்துட்டு ஆனந்த் கறுப்புல உட்கார்ந்து காப்பாத்தினது. ஆக எட்டு பெர்லின்ல மூணு முடிவு வந்த கேம், மூணுமே கார்ல்சனுக்கு, ஒன்னு கறுப்புல ரெண்டு வெள்ளையில. இந்த மூணும் கலர் பார்த்து போகல, ஓப்பனிங் பேரைப் பார்த்தும் போகல, அழுத்தம் வரும்போது யாருக்கு கை நடுங்கலையோ அவங்க பக்கம் போயிருக்கு. நம்ம லெவல்ல இது இன்னும் அதிகமாவே நடக்கும்.

எனக்கு நடந்ததையே சொல்றேன். 1600 பக்கம் ரேட்டிங் இருந்தப்போ என்னைவிட முன்னூறு பாயிண்ட் மேல இருந்த ஒருத்தரோட டிரா பண்ணிடலாம்னு பெர்லின் எடுத்தேன். அவரு ஒன்னும் பெருசா பண்ணல, பொறுமையா ஒவ்வொரு காயா மாத்திட்டே வந்தாரு, நானும் மாத்தினா டிரா கிட்ட வரும்னு சந்தோஷமா மாத்தினேன், கடைசில ராஜாவும் சிப்பாயும் மட்டும், ராஜா பக்கம் அவரோட அந்த ஒரு சிப்பாய் தாண்டி வந்துச்சு, என் டபுள் சிப்பாயால ஒன்னும் பண்ண முடியல, தோல்வி. பெர்லின்ல கறுப்பு எந்த காயை மாத்தணும் எதை மாத்தவே கூடாதுன்னு தெரியாம உள்ள போனா இப்படித்தான் ஆகும்.

இன்னொன்னு, பெர்லின் எடுத்தா இந்த எண்ட்கேம் ஒன்னு மட்டும் படிச்சா போதும்னு நினைக்கறாங்க. போதாது. வெள்ளை நாலாவது நகர்த்தல்ல டி3 வெச்சு ராணிங்களை போர்டுலயே வெச்சுக்கலாம், சென்னைல 6, 7 கேம் அப்படித்தான் போச்சு, அது முழுசா நடு ஆட்டம். இல்லன்னா அஞ்சாவதுல யானையை இ1க்கு கொண்டுவந்து சிப்பாயைத் திருப்பி எடுக்கலாம், எட்டாவது கேம் மாதிரி, அது நிஜமாவே வறட்சியான நிலை, ஜெயிக்க வேண்டிய ரவுண்டுல உங்களைவிட கம்மி ரேட்டிங் ஆள் இதைப் போட்டா தலைவலி. இன்னொரு லைன்ல வெள்ளைக்கு விருப்பம் இருந்தா 14 நகர்த்தல் கூட தாண்டாம ராணியை முன்னும் பின்னும் ஆட்டி டிரா எடுத்துட்டுப் போயிடலாம். பெரிய டோர்னமென்ட்லயே பல பேர் அப்படி கை குலுக்கி எழுந்து போயிருக்காங்க. அதாவது பெர்லின்ல சீக்கிர டிரா சாவி பாதி நேரம் வெள்ளை கையிலதான் இருக்கு, உங்ககிட்ட இல்ல. இதை யாரும் முன்னாடியே சொல்லித்தரதில்ல.

ஓப்பன் ஸ்பானிஷ் வேற குணம். கறுப்பு ஏ6 வெச்சு பிஷப்பை தள்ளிட்டு, அஞ்சாவதுல குதிரையால இ4 சிப்பாயை எடுத்துடும். பெர்லின்லயும் இ4 சிப்பாயைத்தான் எடுக்கறோம், ஆனா இங்க ராணிங்க இருக்கும், காய்ங்க சுதந்திரமா வெளிய வரும், கறுப்புக்கு நடுவுல இடம் கிடைக்கும். எனக்கு பார்க்கவே பிடிச்ச ஓப்பனிங். ஆனா மனப்பாடம் கூடவே வரும், அதுக்கு ஆனந்த் குடுத்த விலையை மறக்கவே முடியாது. 1995, நியூயார்க், வேர்ல்ட் டிரேட் சென்டர் 107வது மாடி, கஸ்பரோவோட உலக பட்ட மேட்ச். முதல் எட்டு கேம் டிரா, ஒன்பதாவது ஆனந்த் ஜெயிச்சு முன்னாடி போயிட்டாரு. பத்தாவதுல ஓப்பன் ஸ்பானிஷ், ஆறாவது கேம்ல இதே லைன்ல பிரச்சனை இல்லாம டிரா பண்ணியிருந்தாரு. இந்த தடவை கஸ்பரோவ் 14வது நகர்த்தல்ல பிஷப்பை சி2க்கு எடுத்து, அடுத்ததுல குதிரையை பி3ல வெச்சு, ஏ1 யானையையே அப்படியே விட்டுக்குடுத்தாரு. வீட்டுலயே தயார் பண்ணிட்டு வந்தது. 38 நகர்த்தல்ல முடிஞ்சுது, மேட்ச்சும் அங்கதான் திரும்புச்சு, கடைசில பத்தரைக்கு ஏழரை. நம்ம எதிராளி கஸ்பரோவ் இல்லதான், ஆனா இப்ப எல்லார் போன்லயும் இன்ஜின் (செஸ் ஆடற கம்ப்யூட்டர் புரோகிராம்) இருக்கு, அந்த லைனை ஒரு ராத்திரி பார்த்துட்டு வந்து உட்காரற பையன் எந்த டோர்னமென்ட்லயும் இருப்பான். அந்த குறிப்பிட்ட கிளையை மட்டும் கறுப்பு தவிர்த்துட்டு வேற பக்கம் போக வழி இருக்கு, அதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா ஓப்பன் நல்ல துணை.

மார்ஷலுக்கு வருவோம். 1918ல நியூயார்க்ல மார்ஷல் இதை காப்பாபிளாங்காவுக்கு எதிரா இறக்கினாரு, எட்டாவது நகர்த்தல்ல டி5, நடுச் சிப்பாயை இலவசமா குடுத்துட்டு வெள்ளை ராஜா மேல பாயறது. காப்பாபிளாங்கா போர்டுலயே யோசிச்சு தாங்கி நின்னு 36 நகர்த்தல்ல ஜெயிச்சுட்டாரு. ஆனாலும் ஓப்பனிங் சாகல, கறுப்பு 11வதுல குதிரைக்கு பதிலா சி6 சிப்பாய்னு மாத்தினப்புறம் இன்னும் உறுதியாச்சு. 2004 பிரிசாகோல நடந்த உலக பட்ட மேட்ச்ல எட்டாவது கேம்ல லெகோ இதே மார்ஷல் வெச்சுதான் கிராம்னிக்கை சாய்ச்சாரு, கிராம்னிக் வீட்டுல தயார் பண்ணிட்டு வந்த ராணி பலியிலயே ஓட்டை இருந்துச்சு. கேக்க நல்லா இருக்கு, ஆனா என் பேச்சை நம்புங்க, நம்ம லெவல்ல இது நேரத்துக்கு ஏத்த பலன் தராது. எட்டாவது நகர்த்தல் வரைக்கும் வெள்ளை சொன்ன பேச்சு கேட்டு வரணும், ஏ4 வெச்சோ எச்3 வெச்சோ ஒதுங்கிட்டா நீங்க ஆறு மாசம் படிச்சது பைக்குள்ளயே இருக்கும். அதுக்கும் முன்னாடி பாதிப் பேர் மூணாவது நகர்த்தல்லயே பிஷப்பை சி4ல வெச்சு இத்தாலியன் ஆடிட்டுப் போயிடறாங்க. ரெண்டு வருஷத்துல எனக்கு நிஜமான மார்ஷல் நிலை வந்தது ரெண்டே தடவை.

க்ளோஸ்டு பத்தி பேச ஆளே கம்மி, கவர்ச்சி இல்லைன்னு நினைக்கறாங்க. அஞ்சாவதுல பிஷப் இ7, யாரும் யாரையும் எடுக்கல, எல்லா காயும் போர்டுல, கேம் பதினஞ்சு நகர்த்தலுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும். உள்ள போனா ஒன்பதாவதுல பல வழி: சிகோரின்னா குதிரை ஏ5, பிரேயர்னா குதிரை பி8க்கே திரும்பிப் போகும். பிரேயர் முதல்ல பார்த்தப்போ வெளிய வந்த குதிரை ஏன் வீட்டுக்கு போகுதுன்னு எனக்கு புரியவே இல்ல, அப்புறம்தான் அது டி7க்கு போய் இ5 சிப்பாய்க்கு முட்டுக் குடுக்கவும் பிஷப் பி7லேர்ந்து நீளமா பார்க்கவும்னு புரிஞ்சுது. ஸ்பாஸ்கி வாழ்நாள் பூரா நம்பின வழி அது, 1972ல பத்தாவது கேம்ல ஃபிஷர் அதையே உடைச்சும் காட்டினாரு. குறைன்னா, வெள்ளை நல்லா ஆடினா கறுப்பு ரொம்ப நேரம் மூச்சு முட்டி உட்காரணும், ஸ்பானிஷ் டார்ச்சர்னு சும்மாவா சொல்றாங்க.

ஆனா எனக்கு தெரிஞ்சு கத்துக்கறவங்களுக்கு இதுதான் அதிகமா சொல்லிக்குடுக்குது. ஒரு சின்ன தப்புல கேம் போயிடாது. சிப்பாய் எப்ப தள்ளணும், எந்த குதிரையை எங்க நகர்த்தணும், எதிராளி டி5 வெச்சு மூடினா எந்தப் பக்கம் போகணும், இதெல்லாம் இங்க கத்துக்கிட்டா வேற ஓப்பனிங்லயும் கைகொடுக்கும். மனப்பாடம் மார்ஷல்ல கால்வாசி கூட இல்ல. உங்களைவிட கம்மி ரேட்டிங் ஆளை கறுப்புல ஜெயிக்கணும்னாலும் காய்ங்க எல்லாம் போர்டுல இருக்கறதால வாய்ப்பு இருந்துட்டே இருக்கும்.

அதனால தம்பிக்கு நான் சொன்னது இப்படித்தான்: 1700க்கு கீழ இருக்க, வாரத்துக்கு மூணு நாலு மணி நேரம்தான் செஸ்ஸுக்குன்னா க்ளோஸ்டு எடு, சிகோரினோ பிரேயரோ ஒன்னு மட்டும், ரெண்டு வருஷம் மாத்தாத. தாக்கறது பிடிக்கும், படிக்கவும் சலிக்காதுன்னா ஓப்பன். மார்ஷல் இப்ப வேண்டாம், உன் எதிராளிங்க மெயின் லைன் ஆடற லெவலுக்கு நீ போனப்புறம் பார்த்துக்கலாம். பெர்லின் எடுக்கணும்னா டிராவுக்காக எடுக்காத, ராணி இல்லாத போர்டுல நாலு மணி நேரம் உட்கார்ந்து சின்ன சின்ன கட்டத்துக்கு சண்டை போடறது உனக்கு நிஜமாவே பிடிக்குதான்னு முதல்ல பாரு. எனக்கு பிடிச்சிருக்கு, அந்த தோல்விக்கு அப்புறம் ஒரு வருஷம் எண்ட்கேம் மட்டும் படிச்சுட்டு திரும்ப பெர்லினுக்கே வந்தேன், இப்பவும் அதான் ஆடறேன்.

பிடிக்குதான்னு எப்படி தெரிஞ்சுக்கறதுன்னு கேட்டான். எட்டாவது நகர்த்தல் நிலையை வை, ராஜாவும் சிப்பாயும் தவிர எல்லா காயையும் எடுத்துடு, வெள்ளையில இருந்து இன்ஜினை ஜெயிச்சுக் காட்டுன்னு சொன்னேன். அது முடிஞ்சா, காய்ங்களை ஒன்னொன்னா திரும்ப வெச்சு எது இருந்தா கறுப்பு மூச்சு விடுதுன்னு பாரு. அதுல அலுப்பு வந்துச்சுன்னா பெர்லின் உனக்கு இல்ல, நேரா க்ளோஸ்டுக்கு போயிடு.

போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தான். ராஜா சிப்பாய் எண்ட்கேமை வெள்ளையில நாலு தடவை சொதப்பி அஞ்சாவது தடவை ஜெயிச்சானாம், அலுக்கல அண்ணான்னான். சரின்னு ஆனந்த் கார்ல்சன் கேமை 19வது நகர்த்தல் பி3 வரைக்கும் போர்டுல வெச்சு, ஏ2ல மாட்டியிருக்கற பிஷப்பைக் காட்டி, நீ கறுப்பு, என்ன பண்ணுவன்னு கேட்டேன். ஏ5 தள்ளி ஏ4க்கு போகலாமான்னான், அதுக்கு நேரம் இல்லன்னேன். காபி ஆறிப்போச்சு, எங்கம்மா உள்ளேருந்து ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. அவன் சி5 சிப்பாய் மேல விரலை வெச்சு ரொம்ப நேரம் எடுக்காம உட்கார்ந்திருந்தான், அப்புறம் ஒரு கட்டம் முன்னாடி தள்ளினான்.